வில்வண்டி வேறு, பாரவண்டி வேறு!



பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் என்றோ ஆட்டோமொபைல் என்றோ சேர்ந்த அன்றைக்கே ஊரில் நமக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது. போர்டு பரீட்சை எழுதி வாங்கப் போகும் டிப்ளமோவுக்கு மூன்று வருடம் முன்பே வந்து சேரும் பட்டம் அது. "தம்பி வண்டியப் பத்திப் படிக்குது!" அவ்வளவுதான். அதன் பிறகு தெருவில் யார் வீட்டில் எந்த வண்டி வாங்கப் பேச்சு எழுந்தாலும் நமக்கு அழைப்பு உண்டு.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். "குடும்பத்துக்கு ஒரு பெரிய வண்டியா பாக்குறோம் தம்பி. எல்லாரும் தாராளமா உக்காரணும். மூட்ட முடிச்சு ஏத்தணும். பின்னாடி எதையாச்சும் மாட்டுனா இழுக்கணும். டீசலும் ரொம்பக் குடிக்கக் கூடாது. எது வாங்கலாம், நீயே சொல்லு!"

இடம், இழுவை, மைலேஜ். மூன்றே சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு குடும்பத்தின் ஏழு வருடக் கடன் அடங்கியிருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். என் வீட்டிலும் நான்தான் முதல் ஆள். அதனாலேயே நாம் சொல்லும் வார்த்தைக்கு அதன் தகுதிக்கு மேல் ஒரு மதிப்பு கிடைக்கிறது. "படிச்ச புள்ள சொன்னுச்சு" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆகவே, விளம்பரத்தைப் பார்த்துச் சொல்லாமல் வகுப்பில் படித்ததை வைத்துச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு. அந்த எண்ணத்தில்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம், இழுவை, சிக்கனம் மூன்றையும் ஒரே வண்டியிடம் கேட்பது தவறு. நம் டெல்டாக் குடும்பம் ஆளை ஏற்றத்தான் வண்டி வாங்க வேண்டும். பாரத்தை இழுக்க வாடகைக்குப் பிடிக்க வேண்டும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நம் தாத்தா காலத்து வசதியான வீடுகளில் இரண்டு விதமான மாட்டு வண்டி இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆட்கள் போக வில்வண்டி. நெல் மூட்டை ஏற்றப் பாரவண்டி. வில்வண்டியில் மூட்டை ஏற்றினால் வில் படுத்துவிடும். பாரவண்டியில் கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றினால் மன்னார்குடி ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும். நாலு எழுத்துப் படிக்காதவர்களுக்கும் சஸ்பென்ஷன் தத்துவம் தெரிந்திருந்தது! இன்று எஸ்.யு.வி. என்ற மூன்றெழுத்தைக் காட்டி, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று நமக்கு விற்கிறார்கள்.

பெரிய வண்டி வந்த கதை

அம்பாசடரும் மகேந்திரா ஜீப்பும்தான் ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கல்யாண வண்டிகள். 1994-ல் டாடா சுமோ வந்தது. (அந்தப் பெயரை ஜப்பான் மல்யுத்தத்தோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. அது டாடா மோட்டார்ஸின் முன்னாள் தலைவர் சுமந்த் மூல்காவ்கர் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்தது.) 2000-ல் மகேந்திரா பொலேரோவும் டொயோட்டா குவாலிஸும் வந்தன. 2005-ல் குவாலிஸ் போய் இன்னோவா வந்தது. 2012-ல் மாருதி எர்டிகா வந்தது. அம்பாசடர் 2014-லும், சுமோ 2019-லும் உற்பத்தி நின்று போயின.

இந்த வரிசையை உற்றுப் பாருங்கள். சுமோ, பொலேரோ, குவாலிஸ், முதல் இன்னோவா எல்லாம் லாரி மாதிரி தனிச் சேசிஸ் மேல் பாடியை உட்கார வைத்த வண்டிகள். எர்டிகாவும், 2022 கடைசியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸும் பாடியே சேசிஸாக இருக்கும் மோனோகாக் வகை. முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஏழு பேர் வண்டி. ஜாக்கி போட்டு அடியில் பார்த்தால் வில்வண்டியும் பாரவண்டியும் தனித்தனியாகத் தெரியும்! பொலேரோவின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். பாரம் தாங்கும், ஆனால் காலியாகப் போனால் தூக்கிப் போடும். மோனோகாக் வண்டி எடை குறைவு, ஓட்டம் மெத்தென்று இருக்கும், எரிபொருள் மிச்சம். ஆனால் அதன் முதுகில் கொக்கி போட்டு இழுப்பது அதற்கு விதிக்கப்பட்ட வேலை அல்ல.

இழுவை: இழுப்பது பெரிதா, நிறுத்துவது பெரிதா?

முதலில் இழுவையை எடுத்துக்கொள்வோம். "எழுபத்தஞ்சு எச்.பி. வண்டி, ஒரு டிரெய்லர இழுக்காதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் ஊர் டிராக்டர் பெரும்பாலும் 40 எச்.பி. சுமார்தான். பொலேரோ 75 எச்.பி. எர்டிகா 100 எச்.பி.க்கும் மேல். அப்படியானால் எர்டிகாதானே டிராக்டரை விட அதிகம் இழுக்க வேண்டும்?

இங்கேதான் நாம் படித்த பாடம் கைகொடுக்கிறது. ஒரு எச்.பி. என்பது 75 கிலோ எடையை விநாடிக்கு 1 மீட்டர் தூக்கும் திறன். திறனை வேகத்தால் வகுத்தால் இழுவிசை. டிராக்டர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 2.78 மீட்டர் போகிறது. 40-ஐ 75-ஆல் பெருக்கி 2.78-ஆல் வகுத்தால் சுமார் 1,080 கிலோ விசை. கார் மணிக்கு 60 கிலோமீட்டரில், விநாடிக்கு 16.67 மீட்டரில் போகிறது. 75-ஐ 75-ஆல் பெருக்கி 16.67-ஆல் வகுத்தால் வெறும் 337 கிலோ விசை. அதிலும் ஒரு பங்கைக் காற்று தின்றுவிடும். (கியர் பெட்டியில் போகும் நஷ்டத்தை இரண்டிலுமே விட்டுவிட்டேன்.) டிராக்டர் வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறது. கார் விசையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறது. இன்ஜின் முறுக்கு விசையையும் பாருங்கள். பொலேரோ டீசலில் 210 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,600 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. 2022-ல் மாற்றி வந்த எர்டிகா பெட்ரோலில் 136.8, அதுவும் 4,400 சுற்றில். மேட்டில் பாரத்தோடு கிளம்ப வேண்டுமென்றால் எது கிளட்ச் பிளேட்டைத் தேய்க்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா!

ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், சமதளமான நம் ஊரில் ஒரு டன் டிரெய்லரைக் கார் இழுத்துவிடும். மலையா இருக்கிறது இங்கே? இழுப்பது பெரிய காரியமே இல்லை. நிறுத்துவதுதான் காரியம்!

கணக்குப் போடுவோம். 1,600 கிலோ வண்டி, காய்ந்த தார் ரோட்டில், 60 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் போட்டால் தோராயமாக 20 மீட்டரில் நிற்கும். அதன் பின்னால் பிரேக் இல்லாத ஒரு டன் டிரெய்லர் இருந்தால்? நிறுத்த வேண்டிய எடை 2,600 கிலோ. பிரேக் போடும் டயர்களோ அதே நான்குதான். 20 மீட்டர் என்பது 33 மீட்டர் ஆகிவிடும். அந்தப் பதின்மூன்று மீட்டருக்குள் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வரும் பிள்ளை இருக்கிறது. சாலையில் நெல் காயப் போட்டுத் துழாவிக்கொண்டிருக்கும் அம்மா இருக்கிறாள். அதோடு, ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல் என்றிருக்கும் ரோட்டில் திருப்பத்தில் பிரேக் போட்டால் பின்னால் வரும் டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளி மடக்கும். மடங்கினால் நேரே வாய்க்கால்தான்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. டிரெய்லர் என்பது தனி வாகனம், தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பட்டறையில் ஒரு கொக்கி வெல்டிங் வைத்து, பழைய அச்சில் பலகை அடித்து மாட்டினால் அது டிரெய்லர் ஆகாது. வண்டி வாங்குமுன் அதன் கையேட்டைப் புரட்டி, இழுவை பாரம் இவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால், "இழுக்காதே" என்றுதான் அர்த்தம். இதே போலத்தான் முன்னால் மாட்டும் கம்பி பம்பரும். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் அவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. மோதலின் அதிர்ச்சி கம்பி வழியாக நேரே சேசிஸுக்குப் போய்விடும். ஏர்பேக் சென்சாரும் ஏமாந்து போகலாம். "வெயிட்டா இருக்கும்" என்று மாட்டுவது நம் பல்லை உடைக்கவே.

ஒரு நியாயமான மறுப்பு வரலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்த பிறகு நம் பக்கத்தில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய்த்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அந்த மாதிரி நேரத்தில் இழுக்கிற வண்டி வேண்டாமா? வேண்டும். ஊருக்கு வேண்டும். டிராக்டரும் குட்டி யானையும் ஊரில் இருக்கின்றன. அதற்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இழுக்கிற வண்டி நிற்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இடம்: ஏழு பேர் என்று எழுதினால் ஏழு பேரா?

அடுத்தது இடம். ஒரு சங்கதியைக் கவனித்தீர்களா? பொலேரோவின் நீளம் 3,995 மில்லிமீட்டர். சரியாக 4 மீட்டர் வைத்திருக்கக் கூடாதா? அந்த ஐந்து மில்லிமீட்டர் எங்கே போயிற்று? வரியில் போயிற்று! 2006 மத்திய பட்ஜெட்டில்தான் சிறிய கார் என்பதற்கு 4 மீட்டர் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி. என்று எல்லை போட்டார்கள். அதற்குள் வந்தால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் அதே எல்லைதான். உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். 1493 சி.சி. டீசல் பொலேரோ எல்லைக்கு உள்ளே. 4 மீட்டரைத் தாண்டிய எர்டிகா வெளியே.

ஆகவே நண்பர்களே, ஒரு வண்டியின் நீளத்தை நம் முழங்கால் தீர்மானிக்கவில்லை, வரி தீர்மானிக்கிறது. நீளமான இன்ஜின் அறையை முன்னால் வைத்துக்கொண்டு, நான்கு மீட்டருக்குள் ஏழு பேரை உட்கார வைத்தால் கடைசியில் உட்காருபவர் என்ன ஆவார்? விளம்பரத்தில் அங்கே யாரையும் காட்ட மாட்டார்கள். வீட்டில் அங்கே யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும். பாட்டியும் சின்னப் பிள்ளைகளும்! வண்டியில் மிகவும் தூக்கிப் போடும் இடத்தில், முட்டிவலிக்காரப் பாட்டி.

ஷோரூமுக்குப் போனால் டிரைவர் சீட்டில் மட்டும் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு வராதீர்கள். வீட்டிலேயே வயதானவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர்கள் ஏற முடியாத வண்டி உங்களுக்கு ஏழு பேர் வண்டி அல்ல. ஐந்து பேர் வண்டி. ஏழு பேரும் ஏறிய பிறகு பெட்டி வைக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ என்றாலே ஏழு பேர் 455 கிலோ. அதற்கு மேல் சீர் தட்டும் பாத்திரமும் கேரியரில் ஏற்றினால் வண்டியின் புவியீர்ப்பு மையம் மேலே போகும். உயரமான வண்டி திருப்பத்தில் சாய்வதற்கு அதுவே போதும்.

"பெரிய வண்டின்னா பாதுகாப்பு" என்பதும் பாதி உண்மைதான். குளோபல் என்கேப் 2024-ல் மோதிப் பார்த்த பொலேரோ நியோவுக்கு ஒரே ஒரு நட்சத்திரம். அதே வருடம் சோதித்த எர்டிகாவுக்கும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்தான். 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை வந்துவிட்டது. வாங்கப் போகும் மாடல், வாங்கப் போகும் வருடத்தில் எத்தனை நட்சத்திரம் என்று கேட்பது நம் உரிமை. நிறத்தைக் கேட்கிறோம், சீட் கவர் இலவசமா என்று கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை!

மைலேஜ்: காகிதத்தில் ஒன்று, ரோட்டில் ஒன்று

மூன்றாவது சிக்கனம். கம்பெனி சொல்லும் மைலேஜ் பொய் அல்ல. ஆனால் அது ரோட்டில் எடுத்த கணக்கு அல்ல. சோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டி எடுப்பது. அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அங்கே ஏழு பேர் இல்லை, கேரியர் இல்லை, நீடாமங்கலம் ரயில்வே கேட் இல்லை! ஆகவே அந்த எண்ணை வண்டிக்கு வண்டி ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். மாதச் செலவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பெட்ரோலா டீசலா என்பதற்கும் ஓட்டத்தைத்தான் கேட்க வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி வந்திருக்கிறது. அது சுத்தமாக வண்டி நல்ல சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் தினம் மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாருதி கம்பெனி அந்த 2020-லேயே டீசல் காரை நிறுத்திவிட்டது. பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் வெப்ப ஆற்றல் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கணக்குக்காக இரண்டு வண்டியை எடுப்போம். ஒன்று டீசல், ரோட்டில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர். இன்னொன்று பெட்ரோல், 18 கிலோமீட்டர். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டம். டீசல் லிட்டர் 90, பெட்ரோல் 100 என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். முதல் வண்டிக்கு 75,000 ரூபாய். இரண்டாவதற்கு சுமார் 55,600. வித்தியாசம் 19,400 ரூபாய். உங்கள் ஊர் வேன் வாடகையை இதில் வகுத்துப் பாருங்கள். வருடத்தில் எத்தனை நாள் குடும்பம் மொத்தமும் வேனில் போகலாம் என்று தெரிந்துவிடும்.

வருடத்துக்கு எத்தனை நாள்?

இதுதான் நாம் கேட்க மறக்கும் கேள்வி. 365 நாளை ஒரு நோட்டில் எழுதுங்கள். தினசரி வேலைக்கு இரண்டு சக்கர வண்டி போதும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் என்று மூன்று நான்கு பேர் போகும் நாள் எத்தனை? கல்யாணம், காதுகுத்து, ராஜகோபாலசாமி கோயில் பங்குனித் திருவிழா என்று ஏழு பேருக்கு மேல் போகும் நாள் எத்தனை? பாரம் ஏற்றும் நாள் எத்தனை? சென்னைக்குப் போக 2011-லிருந்து நம் ஊரிலேயே ரயில் நிற்கிறது, மன்னை எக்ஸ்பிரஸ். எழுதி முடித்தால் பெரும்பாலான வீடுகளில் ஏழு பேர் நாட்கள் இரண்டு கைவிரலுக்குள் அடங்கிவிடும். பத்து நாளுக்காக வாங்கிய வண்டியை முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் கட்டித் தீனி போடுவது யானை வளர்ப்பதற்குச் சமம்!

கடன் கணக்கையும் நம் மொழியில் சொல்கிறேன். 10 லட்சம் கடன், ஏழு வருடம், வட்டி 9.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 16,340 ரூபாய். வருடத்துக்கு 1,96,000 ரூபாய். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு சன்ன ரக நெல்லுக்கு அறிவித்த கொள்முதல் விலை குவிண்டால் 2,545 ரூபாய். அப்படியானால் ஒரு வருடத் தவணை என்பது 77 குவிண்டால் நெல். கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் 193 மூட்டை! ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 35 கண்டால், மூன்றரை ஏக்கருக்கும் மேல். நம் கணக்கில் பதினோரு மா நிலத்தின் ஒரு போகம். உழவுக்கூலி, உரம், அறுவடை மெஷின் வாடகை எதையும் கழிக்காமல்! மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் தவணை மாதம் தவறாமல் வரும்.

"வாடகைக்கு விட்டு டியூ கட்டிரலாம் தம்பி" என்பார்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். மஞ்சள் போர்டு, பெர்மிட், அதற்கான இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க அது ஒன்றே போதும். கடன் ஒரு பக்கம், நஷ்ட ஈடு ஒரு பக்கம் என்று குடும்பம் நடுவில் நசுங்கும்.

அப்படியானால் வண்டியே வேண்டாமா?

நான் அப்படிச் சொல்லவில்லை. முப்பது வருடம் பஸ் படிக்கட்டில் தொங்கிய மனிதர், தன் வண்டியில் தன் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து போக ஆசைப்படுவதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. அது ஆடம்பரம் அல்ல, மரியாதை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் வாசலில் ஒரு வண்டி நிற்பதன் அருமை கிராமத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொந்த வண்டியும் இல்லாமல், வேனுக்குக் காசும் சேராமல், டிராக்டர் டிரெய்லரிலும் குட்டி யானையிலும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களை ஏற்றிப் போவது நம் பக்கம் இன்னும் நிற்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் அருகே 2022 அக்டோபர் 1 அன்று கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 26 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த ரோடும் அந்தக் குட்டையும் நம் ஊரில் இல்லையா? ஆற்றங்கரை ரோடு முழுக்க அதுதானே! பாரவண்டியில் ஆளை ஏற்றுவது, வில்வண்டியில் பாரம் ஏற்றுவதை விடப் பெரிய தவறு. ஒரு தெருவே சேர்ந்து முறையான வேன் ஒன்றைப் பிடித்தால் தலைக்கு என்ன ஆகிவிடும்? இதைச் சொல்ல வேண்டியதும் வண்டியைப் பற்றிப் படிக்கிற நாம்தான்.

ஆகவே, யாராவது நம்மிடம் வந்து கேட்டால் வண்டியின் பெயரைச் சொல்லாமல் முதலில் இவற்றைக் கேட்போம்.

வருடத்தில் எத்தனை நாள், எத்தனை பேர்? அதில் வயதானவர் எத்தனை பேர்?

தினசரி ஓட்டம் எவ்வளவு? மூன்று கிலோமீட்டர் என்றால் டீசல் வேண்டாம்.

வீட்டுக்குப் போகும் பாதை தார் ரோடா, மழையில் உளையாகும் களிமண் பாதையா? களிமண் என்றால் தரை இடைவெளியும் பின்சக்கர இழுவையும் உள்ள வண்டிக்கு ஒரு நியாயம் உண்டு. ஆறு மாதம் சேற்றில் போய் வரும் வீட்டுக்குப் பொலேரோ மாதிரி வண்டி பொருந்தும். தார் ரோட்டு ஓர வீட்டுக்கு அது வீண் டீசல்.

பாரம் இருக்கிறதா? இருந்தால் அதற்குக் குட்டி யானை, டிராக்டர். கொக்கி வேண்டாம்.

தவணை எத்தனை மூட்டை? ஒரு போகம் பொய்த்தாலும் கட்ட முடியுமா?

இந்த ஐந்துக்கும் பதில் வந்துவிட்டால் வண்டியின் பெயர் தானாக வந்துவிடும். சில வீடுகளுக்கு அது ஏழு பேர் வண்டி. பல வீடுகளுக்கு ஐந்து பேர் சின்னக் காரும், வருடத்தில் பத்து நாள் வேனும். சில வீடுகளுக்கு, "இந்த வருசம் வேணாம் மாமா, அடுத்த வருசம் பாக்கலாம்" என்பதே சரியான பதில். அதைச் சொல்லத்தான் துணிவு வேண்டும். ஏனென்றால், ஷோரூமில் இருப்பவர் அதைச் சொல்ல மாட்டார், கடன் தருபவரும் சொல்ல மாட்டார், விளம்பரத்தில் நடிப்பவர் சத்தியமாகச் சொல்ல மாட்டார்.

விசையை வேகத்தோடு பெருக்கினால் திறன் என்று பரீட்சையில் எழுதி ஐந்து மார்க் வாங்குகிறோம். அந்தச் சூத்திரம் விடைத்தாளோடு நின்றுவிட்டால் நமக்கு மார்க்தான் மிச்சம். அது நம் தெருவில் ஒரு குடும்பத்தின் பதினோரு மா விளைச்சலைக் காப்பாற்றினால், நாம் படித்த படிப்புக்கு ஊரும் ஒரு மார்க் போடும். சிந்திப்போம் நண்பர்களே! கேட்பவருக்குக் கணக்கோடு பதில் சொல்வோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை